மரத்துப் பாலும் வாசனைத் தைலமும்

தஞ்சோங் மாலிம் நகரைத் தொட்டு ஓடும் பெர்ணம் ஆறு, பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் எல்லையாகும். நகரின் கிழக்கே நிலம் படிப்படியாக உயர்ந்து நடுமலைத் தொடருடன் சேர்கின்றது. இவ்வடிவாரத்து மேடுகளிலும் சரிவுகளிலும் ரப்பர் பயிரிடப்பட்ட காலந்தொட்டு நம் மக்களின் வாழ்வும் அம்மரங்களோடு பிணைந்து வந்துள்ளது. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்ட போதிலும், பால்வெட்டு உளியைக் கைவிடாத குடும்பங்கள் இன்றும் உண்டு. பொழுது புலருமுன் இடுப்பில் கொசுவர்த்தி புகைய, நெற்றியில் விளக்கு ஒளிர, நிரையில் இறங்கி ஐந்நூறு அறுநூறு மரங்களை வெட்டி, மங்குகளில் நிறைந்த பாலை வாளிகளில் சேர்த்துச் சரிவில் சுமந்து வந்து நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, நண்பகலில் வீடு திரும்பும் உழைப்பு எளிதானதன்று.

இவ்வாறு உழைத்துத் திரும்பியோரின் வீட்டில் மாலை வேளையில் ஒரு மணம் எழுவதை யாவரும் அறிவர். கோடாலித் தைலம், புலி மார்க் களிம்பு, நீலகிரித் தைலம், கிராம்புத் தைலம், மலாய்க்கார அண்டை வீட்டார் தரும் காயு பூத்தே எண்ணெய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று முழங்காலிலும் தோளிலும் தேய்க்கப்படும் நேரம் அது. தேய்த்த சற்று நேரத்தில் வலி தணிகின்றது, உறக்கமும் வருகின்றது. இதில் ஐயமில்லை. ஆனால் அண்மைக் காலமாக இரவுச் சந்தைகளிலும் விளம்பரங்களிலும் வேறொரு பேச்சும் கேட்கப்படுகின்றது. கடும் உழைப்பினால் உடம்பிற்குள் பிராணவாயு ஒரு கேட்டை விளைவிக்கின்றது என்றும், தாவரத் தைலங்கள் அக்கேட்டை முறிக்கின்றன என்றும், ஆகவே அவற்றைத் தேய்ப்பதோடு நில்லாமல் சில துளிகளை அருந்தவும் வேண்டும் என்றும் விற்போர் கூறுகின்றனர். இக்கூற்றில் ஒரு பகுதி மெய். ஒரு பகுதி மெய்யென்று நாட்டப்படாதது. ஒரு பகுதி உயிருக்கே ஊறு செய்யக்கூடியது. மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

பிராணவாயு ஏற்றம் என்பது யாது?

இதனைப் பாடநூல் கொண்டு அறிய வேண்டிய அவசியம் ரப்பர்த் தொழிலாளிக்கு இல்லை. தம் கையால் தொட்டே அறிந்திருக்கின்றார். ஒட்டுப்பாலை வெயிலில் பல நாள் போட்டு வைத்தால் அது இறுக்கம் தளர்ந்து பிசுபிசுத்துப் போகும். பழைய ரப்பர்க் குழாய் வெடித்துக் கீறல் விடும். காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரின் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளைத் தாக்கி அறுப்பதே இதற்குக் காரணம். தாக்கப்பட்ட இடத்தில் நிலைகொள்ளாத ஒரு துண்டு தோன்றுகின்றது; இரசாயன நூலார் இதனைத் 'தனியுறுப்பு' என்பர். அது தன் குறையைத் தீர்த்துக்கொள்ள அடுத்த மூலக்கூற்றைத் தாக்க, அது அதற்கடுத்ததைத் தாக்க, கோடைக் காலத்தில் சருகில் பற்றிய தீயைப் போல் கேடு பரவிச் செல்கின்றது.

நம் நாட்டு ரப்பருக்குத் தரம் குறிக்கும் முறை 1965ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபோது, பிராணவாயுவைத் தாங்கும் திறனை அளக்கும் சோதனைக்கும் அதில் இடமிருந்தது. மாதிரித் துண்டை 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தெடுத்து, அதன் பிசைவுத்தன்மை எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று பார்ப்பதே அச்சோதனை. பாலில் செம்பு சிறிதளவு கலந்துவிட்டாலும் ரப்பர் விரைவில் கெடும் என்பதையும் தொழிற்சாலையில் பணிபுரிந்தோர் அறிவர். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இலையுதிர் நோய்க்காகச் செம்பு கலந்த மருந்தை மரங்களுக்குத் தெளிப்பதுண்டு. அம்மருந்து பாலில் சேராதபடி அங்கே கண்ணுங்கருத்துமாக இருக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே. செம்பு தானே ரப்பரைத் தின்பதில்லை. பிராணவாயுவின் வேலையை விரைவுபடுத்திக் கொடுக்கின்றது.

மரம் இக்கேட்டிற்குத் தன்னை முற்றும் ஒப்புக்கொடுத்துவிடவில்லை. பாலிலேயே இயற்கையான தடுப்புப் பொருள்கள் சில உள்ளன. வைட்டமின் ஈ இனத்தைச் சேர்ந்த டோகோடிரைனால் என்னும் பொருளை அறிவியலார் 1960களில் அடையாளங் கண்டது வேறெதிலும் அன்று, ரப்பர்ப் பாலில்தான். இன்று உலகெங்கும் மாத்திரைகளில் அடைத்து விற்கப்படும் இப்பொருள் செம்பனை எண்ணெயிலும் மிகுதியாக உள்ளது. நம் தொழிலாளர் நாள்தோறும் வாளியில் சுமந்த பாலில் அது இருந்தது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

உடம்பிற்குள் நிகழ்வது

ஓய்ந்திருக்கும் மனிதர் நிமிடத்திற்கு ஏறத்தாழ கால் லிட்டர் பிராணவாயுவை உட்கொள்கின்றார். சுமையுடன் சரிவில் ஏறியிறங்கும்போது இது 2 லிட்டரையும் கடக்கின்றது. இப்பிராணவாயுவில் மிகப் பெரும்பகுதி உணவை எரித்து வலுவாக மாற்றவே பயன்படுகின்றது. எனினும் உழைக்கும் தசையில் ஒரு சிறு பகுதி அரைகுறையாக மாறித் தனியுறுப்புகளையும் அவற்றின் உறவினங்களையும் தோற்றுவிக்கின்றது. ரப்பரில் நிகழ்வதைப் போன்றே இவை உயிரணுக்களைச் சூழ்ந்த கொழுப்புப் படலத்தையும் புரதங்களையும் தாக்க வல்லவை. செம்பு ரப்பரில் செய்யும் வேலையை உடம்பில் கட்டவிழ்ந்த இரும்பு செய்கின்றது. ஆதலால்தான் உடம்பு இரும்பை வெறுமனே திரியவிடாமல் புரதங்களுக்குள் கட்டி வைத்திருக்கின்றது.

உழைப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது அண்மைக் காலத்தில்தான். மிதிவண்டிப் பயிற்சி செய்தோரின் மூச்சுக்காற்றில், கொழுப்பு சிதைவதால் எழும் பென்டேன் என்னும் வாயு மிகுவதை அமெரிக்க அறிஞர்கள் 1978ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நான்காண்டுகளுக்குப் பின், களைக்கும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் தனியுறுப்புகள் பெருகுவது நேரடியாகவே அளக்கப்பட்டது. தடுப்புப் பொருள்களின் வலிமையைத் தனியுறுப்புகளின் பெருக்கம் விஞ்சிவிடும் நிலையையே பிராணவாயு ஏற்ற நெருக்கடி என்கின்றனர்.

இதைக் கேட்டு அஞ்சுவோர் அடுத்த செய்தியையும் கேட்க வேண்டும். நாள்தோறும் அளவோடு உழைக்கும் உடம்பு, தனக்கு வேண்டிய தடுப்பு நொதிகளைத் தானே கூடுதலாக உண்டாக்கிக்கொள்கின்றது. அதற்குத் தூண்டுகோலாக அமைவதோ அத்தனியுறுப்புகள்தாம். ஜெர்மனியின் ஜெனா நகரில் இளைஞர்கள் 4 வாரம் பயிற்சி செய்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாள்தோறும் வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் அதனுடன் வைட்டமின் ஈயும் உட்கொண்டவர்களுக்கு, இன்சுலின் நன்கு வேலை செய்தல் என்னும் பயிற்சியின் பயன் கிட்டாமற் போயிற்று, உட்கொள்ளாதவர்களுக்குக் கிட்டிற்று. மாத்திரையாக அள்ளி விழுங்குவது எப்போதும் நன்மையாகாது என்பதற்கு இது சான்று. நீரிழிவு நம் மக்களிடையே மிகுந்துள்ள இந்நாளில் இதனைச் சிந்தித்தல் தகும்.

மறுநாள் எழும் தசைவலியைப் பற்றியும் ஒரு சொல். பாரத்துடன் மேட்டில் ஏறுவதைக் காட்டிலும் சரிவில் இறங்குவதே தொடைத் தசைக்கு மிகுந்த வலியைத் தரும். தசை நீளும் நிலையிலேயே பாரத்தைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய கீறல்கள் விழுந்து, அவ்விடத்தில் அழற்சி உண்டாகின்றது. இரண்டு மூன்று நாள்களில் அது தானே ஆறும். 'புளித்த அமிலம் தேங்கி நிற்கின்றது' என்னும் பழைய விளக்கம் இன்று கைவிடப்பட்டுவிட்டது. அவ்வமிலம் உழைப்பு நின்ற ஓரிரு மணி நேரத்திலேயே நீங்கிவிடுகின்றது.

தைலம் ரப்பரின் உறவு

இனித் தைலத்திற்கு வருவோம். ரப்பர் என்பது கரி அணுக்கள் 5உம் நீரிய அணுக்கள் 8உம் கொண்ட அளவில் அமைந்தது என்பதை மைக்கேல் பாரடே 1826ஆம் ஆண்டிலேயே கணித்துவிட்டார். ஐந்து கரியணு கொண்ட அக்கண்ணிக்கு ஐசோப்பிரீன் என்று பெயர். ரப்பரில் இக்கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டுள்ளன. அதே கண்ணிகள் இரண்டை மட்டும் இணைத்து எலுமிச்சம்புல் தன் மணப்பொருளாகிய சிட்ராலை ஆக்கிக்கொள்கின்றது. புதினா மென்தாலையும், நீலகிரி மரம் சினியோலையும், கற்பூர மரம் கற்பூரத்தையும் ஆக்குகின்றன. செராய் வாங்கி என்று மலாயில் வழங்கும் வாசனைப்புல்லின் எண்ணெயும் இவ்வினத்ததே. சங்கிலி நீண்டதால் ரப்பர் இழுபடுகின்றது. இவை குறுகியதால் காற்றில் பறந்து மூக்கை எட்டுகின்றன. ஒரே நூலில் நெய்த கைக்குட்டையும் கப்பல் கயிறும் போன்ற உறவு இது.

கிராம்பு இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். அது பீனால் வகையினது. ஓமத்திலுள்ள தைமாலும் பீனால் வகையே. இங்குதான் விற்பனைக்காரரின் கூற்றிலுள்ள மெய்ப்பகுதி அடங்கியிருக்கின்றது. பீனால் வகைப் பொருள்கள் தம்மிடமுள்ள நீரிய அணுவொன்றைத் தனியுறுப்புக்கு விட்டுக்கொடுத்து, சங்கிலித் தாக்குதலை அவ்விடத்திலேயே நிறுத்த வல்லவை. தொழிற்சாலைகளில் ரப்பருடன் கலக்கப்படும் தடுப்புப் பொருள்களுள் ஒரு வகையும் பீனால் இனமே. சோதனைக் குழாயில் கிராம்புத் தைலத்தின் இத்திறன் பலமுறை நாட்டப்பட்டுள்ளது. ஆயின் நாம் பெரிதும் தேய்க்கும் மென்தாலுக்கும் கற்பூரத்திற்கும் சினியோலுக்கும் பீனால் அமைப்பு இல்லை. ஆகவே சோதனைக் குழாயிலும் அவற்றின் தடுப்பாற்றல் குறைவே. விளம்பரத்தில் எல்லாத் தைலமும் ஒன்றென எழுதப்படுவது பொருந்தாது.

சோதனைக் குழாய் வேறு, மனித உடம்பு வேறு. தோலில் தேய்த்த தைலத்தில் ஒரு பகுதி காற்றில் பறந்துவிடுகின்றது. உட்புகும் சிறு பகுதியையும் கல்லீரல் சில மணி நேரத்தில் மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடுகின்றது. தசைக்குள் சென்று தனியுறுப்புகளை அடக்கும் அளவுக்கு அது சேர்வதாகக் கொள்ள இடமில்லை. எலிகளைக் களைக்கும்வரை நீந்தவிட்டுத் தைலம் புகட்டிய ஆய்வுகள் சில நற்பலன் காட்டியுள்ளன. மனிதரிடம் செய்யப்பட்டவையோ சில, அவையும் சிறியவை. ஈரானில் 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் 12 மாணவர்கள் 10 நாள் புதினாத் தைலம் ஒரு துளியளவு கலந்த நீரை அருந்தியபின் நன்றாக ஓடினர் எனக் கூறப்பட்டது. ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்களேயன்றி, தைலமின்றி வெறுநீர் அருந்திய வேறொரு குழு அதில் இல்லை. பத்து நாள் பழகியதாலேயே அவர்கள் நன்றாக ஓடியிருக்கலாம் அல்லவா?

வலி தணிவது எவ்வாறு?

அப்படியானால் தைலம் தேய்த்ததும் சுகம் பிறப்பது பொய்யோ எனின், பொய்யன்று. நம் தோலில் குளிரை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. மென்தால் அந்நுனியிலுள்ள ஓர் ஏற்பியைத் திறந்துவிடுகின்றது. மூளை அதனைக் குளிர் என்றே கொள்கின்றது. இவ்வேற்பி 2002ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மிளகாயின் காரத்தை உணர்த்தும் ஏற்பி அதற்கு ஐந்தாண்டு முன்பே தெரியவந்தது. இவ்வாராய்ச்சிகளில் ஈடுபட்ட டேவிட் ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். குளிர்ச்சியும் எரிச்சலும் முந்திக்கொள்ள, வலியின் செய்தி பின்தங்குகின்றது. அன்புடன் ஒருவர் தேய்த்துவிடுவதும் தசையை இளக்கி மனத்தையும் ஆற்றுகின்றது. என் கருத்தில் தைலத்தின் பயனில் பாதி தேய்க்கும் கையையே சாரும்.

ஆனால் குளிர்வதாகத் தோன்றுவது வேறு, குளிர்வது வேறு. உச்சி வெயிலில் உழைத்த ஒருவர் தலைசுற்றி, தோல் கொதித்து, பேச்சுக் குழறி விழுந்தால், அவருக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நேரத்தைப் போக்குவது பெருந்தவறு. அவரது உடல் வெப்பம் அதனால் குறையாது. நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிறுவதும், உடனே மருத்துவமனைக்கு ஆள் அனுப்புவதுமே செய்யத்தக்கவை. நினைவு தெளிவாக உள்ளவருக்கு மட்டும் நீரைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்கலாம். உழைப்புக்குப் பின் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போகுமாயின் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றது என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

பிராணவாயுவின் கேட்டைத் தாங்க உடம்புக்குத் துணைசெய்வது உணவும் நீரும் உறக்கமுமே. முருங்கைக்கீரை, வல்லாரை, கறிவேப்பிலை, கொய்யா, பப்பாளி ஆகியன லயத்து வேலியோரத்திலேயே வளரக்கூடியவை. காலையில் வெறும் வயிற்றோடு தேநீர் மட்டும் அருந்தி நிரைக்குச் செல்வோர், ஒரு குவளை மோரையோ உப்பிட்ட கஞ்சியையோ உடன் கொண்டு செல்லலாம். இதற்குச் செலவும் அதிகமில்லை.

வீட்டிலுள்ள குழந்தைகள்

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இப்பகுதியே. நம் இரத்தச் சிவப்பணு பிராணவாயுவைச் சுமப்பதால் ஏற்றக் கேட்டிற்கு எப்போதும் ஆளாகும் நிலையில் உள்ளது. அதனைக் காக்கும் நொதிகளுள் ஒன்று ஜி6பிடி எனப்படும். சிலர் பிறவியிலேயே இந்நொதி குறைந்தவர்கள்; தாய்வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது. மலேசியாவில் மலாய்க்காரரிடமும் சீனரிடமும் அதிகம். இந்தியரிடம் குறைவு, எனினும் இல்லாமலில்லை. இக்குறையுள்ள குழந்தைக்குச் சில பொருள்கள் பட்டால் சிவப்பணுக்கள் திடீரென உடைந்து, கடும் மஞ்சட்காமாலை கண்டு, மூளையும் பாதிக்கப்படக்கூடும். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டை இவற்றுள் முதன்மையானது. மென்தாலும் கற்பூரமும் சேர்ந்த தைலங்களையும் இக்குழந்தைகளுக்குத் தவிர்க்குமாறு மருத்துவமனைகளில் அறிவுறுத்தப்படுவது வழக்கம். நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இக்குறை சோதிக்கப்படுகின்றது. முடிவு யாதென்று தாய்மார் கேட்டறிந்து, பாட்டிமாருக்கும் தெரிவித்தல் வேண்டும். குழந்தைக்கு வயிறு உப்பியது என்று தைலம் தேய்ப்பவர் பெரும்பாலும் பாட்டியே அல்லவா!

இக்குறை இல்லாத குழந்தைகளுக்கும் எச்சரிக்கை உண்டு. இரண்டு வயதுக்குட்பட்டோரின் மூக்கிலோ மூக்கருகிலோ தைலம் தடவினால் மூச்சுக்குழல் இறுகிவிடக்கூடும். கற்பூரம் 1 கிராம் உட்சென்றாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து; வலிப்பு கண்டுவிடும். அமெரிக்காவில் கற்பூர எண்ணெயை விளக்கெண்ணெய் என்றெண்ணிக் குழந்தைகளுக்குப் புகட்டிய விபரீதங்கள் நேர்ந்தமையால், 1980களின் தொடக்கத்தில் அவ்வெண்ணெய் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் பழக்கமுடைய நம் வீடுகளில் இரு புட்டிகளும் ஒரே தட்டில் இருக்கலாகாது. சுளுக்குத் தைலங்களில் கலக்கும் மெத்தில் சாலிசிலேட் இன்னும் கொடியது. அதன் கலப்பற்ற எண்ணெய் ஒரு தேக்கரண்டி, பெரியவர்கள் உண்ணும் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்கு நிகராகும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து உண்ணும் முதியோர், இத்தைலத்தை அதிகம் பூசினாலும் இரத்தக் கசிவு நேரலாம்.

பெரியவர்களும் தைலத்தை அருந்துதல் கூடாது. சமையலில் சேரும் கிராம்பு வேறு, வடித்தெடுத்த தைலம் வேறு; கைப்பிடி கிராம்பின் சாரம் சில துளிகளில் அடங்கியிருக்கின்றது.

தைலமும் ரப்பரைப் போலவே பிராணவாயுவால் கெடும் என்பது பலர் அறியாதது. மூடி தளர்ந்து சன்னலோரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த எலுமிச்சை, லவண்டர் வகை எண்ணெய்கள் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும் பொருள்களாக மாறிவிடுகின்றன. தடுப்புப் பொருள் என்று வாங்கியதே கெட்டுப்போய் நிற்பது வேடிக்கைதான். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கருக்கும். நிரைக்குச் செல்லுமுன் அதனைத் தவிர்க்க. கொசுவுக்காகச் செராய் வாங்கி எண்ணெய் பூசுவோர், அதன் பயன் ஒரு மணி நேரமளவும் நீடிப்பது அரிது என்பதை நினைவிற் கொண்டு மறுபடியும் பூசிக்கொள்ளலாம்.

குழந்தை ஏதேனும் தைலத்தைக் குடித்துவிட்டது தெரிந்தால், உப்பு நீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தி நுரையீரலில் புகுந்தால் கேடு இரட்டிப்பாகும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் வல்லுநர்கள் தொலைபேசி வாயிலாக ஆலோசனை கூறுகின்றனர். குழந்தை தெளிவாக இருப்பது போல் தோன்றினும் காத்திராமல், தஞ்சோங் மாலிம் சுகாதார நிலையத்துக்கோ சிலிம் ரிவர் மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்லுங்கள். குடித்த புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேலுள்ள தாளைப் படித்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார்.